வாங்கலும் கொடுக்கலும்: கடைத்தெருவில் கற்கும் துருக்கி இலக்கணம்

கடைக்குச் சென்று பொருள் வாங்கி வருவதைத் துருக்கி மொழியில் 'அலுஷ்வெரிஷ்' என்பர். 'அல்' என்பது எடு, வாங்கு எனப் பொருள்படும் வினையடி. 'வெர்' என்பது கொடு. இரண்டின் பின்னும் தொழிற்பெயர் விகுதியொன்று சேர்ந்து 'வாங்கல் கொடுக்கல்' என்று ஒரு சொல்லாகியிருக்கிறது. நம் ஊரில் 'அவருக்கும் எனக்கும் கொடுக்கல் வாங்கல் உண்டு' என்கிறோம். துருக்கியர் வாங்குவதை முன்னே வைக்கிறார்கள், நாம் கொடுப்பதை முன்னே வைக்கிறோம். வேற்றுமை அவ்வளவுதான்.

உஸ்மானியப் பேரரசின் படித்த வகுப்பார் இதே கருத்தைச் சொல்ல 'அஹ்ஸ் உ இதா' என்று எழுதினர். அதற்கும் பொருள் எடுத்தலும் கொடுத்தலும்தான். ஆனால் இரு சொற்களும் அரபுச் சொற்கள், அவற்றை இணைக்கும் 'உ' பாரசீக வழக்கு. அரண்மனை எழுத்தர் அப்படி எழுதிக்கொண்டிருக்க, சந்தையில் காய் விற்றவர் 'அலுஷ்வெரிஷ்' என்றே சொல்லிவந்தார். இன்று முன்னது பழைய ஆவணங்களில் உறங்குகிறது. பின்னது கடைவாசல்தோறும் கேட்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் துருக்கி மொழிக்கு நேர்ந்தவை வேறெந்தப் பெரிய மொழிக்கும் அவ்வளவு குறுகிய காலத்தில் நேர்ந்ததில்லை எனலாம். எழுத்து மாறியது, எண்ணுரு மாறியது, எடையும் அளவும் மாறின, பல்லாயிரம் சொற்கள் விலக்கப்பட்டு, புதியவை புனையப்பட்டன. இத்தனைக்கும் பிறகு அந்த மொழியில் எஞ்சியது என்ன, இழந்தது என்ன என்று அறிய விரும்புவோர் அகராதிகளிடம் போகலாம். ஆனால் கடையில் நின்று கேட்கும் நாலைந்து கேள்விகளும் அதே விடையைத் தரும். துருக்கிய ஒலிகளைத் தமிழெழுத்தில் தோராயமாகவே தர இயலும். கீழே வரும் 'பு' என்பதை 'பஸ்' என்னும் சொல்லின் முதலொலியோடு படித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

*

கடைக்குள் நுழைந்ததும் காதில் விழும் முதற்சொல் 'புயுருன்'. 'வாருங்கள்' என்று மொழிபெயர்ப்பது வழக்கம். சொல்லின் நேர்ப்பொருள் 'ஆணையிடுங்கள்' என்பது. 'புயுர்' என்னும் வினையடியோடு பன்மை ஏவல் விகுதி சேர்ந்திருக்கிறது. ஒருவரை மதிப்போடு விளிக்கப் பன்மையைக் கையாளும் வழக்கம் அங்கும் உண்டு. 'சென்' என்றால் நீ, 'சிஸ்' என்றால் நீங்கள். கடைக்காரருக்கு முன்பின் அறியாத ஒருவர் 'சிஸ்' ஆகவே இருப்பார்.

அடுத்து நாம் கேட்பது விலை. 'பு நே கதர்?' இது எவ்வளவு? 'பு' சுட்டு, 'இது'. 'நே' வினாச்சொல், 'என்ன'. 'கதர்' அரபியிலிருந்து வந்த சொல், அளவு என்று பொருள். ஆக, 'நே கதர்' என்பது 'என்ன அளவு'. நம் 'எவ்வளவு' என்ற சொல்லைப் பிரித்தால் எ, அளவு என்று வருகிறதல்லவா? அதே அமைப்பு. எண்ணிச் சொல்லக்கூடியவற்றுக்கு மட்டும் துருக்கியில் 'கச்' என்ற வேறு வினா உண்டு. அது 'எத்தனை'. 'கச் தானே?' என்றால் எத்தனை உருப்படி? 'தானே' என்பது தானிய மணியைக் குறிக்கும் பாரசீகச் சொல். எத்தனை, எவ்வளவு என நாம் பேணும் வேறுபாட்டை அவர்களும் பேணுகிறார்கள்.

'கச் பரா?' என்றும் கேட்கலாம். எத்தனை பரா? பரா என்பது பாரசீகத்தில் 'துண்டு'. உஸ்மானியர் காலத்தில் அது ஒரு வெள்ளிக் காசின் பெயர். 40 பரா ஒரு குருஷ், 100 குருஷ் ஒரு லிரா என்பது கணக்கு. அந்தக் காசு வழக்கொழிந்தது. ஆனால் 'பரா' என்ற சொல் பொதுவில் 'பணம்' என்ற பொருளுக்கு உயர்ந்துவிட்டது. நம் 'பணம்' என்ற சொல்லும் ஒரு காலத்தில் ஒரு நாணயத்தின் பெயராக இருந்ததுதான். குருஷ் ஐரோப்பியக் காசுப்பெயர் ஒன்றிலிருந்தும், லிரா இத்தாலிய மொழி வழியாகவும் வந்தன. லிராவின் மூலம் தராசையும் எடையையும் குறித்த இலத்தீன் சொல்.

விலைவாசி ஏற்றத்தால் லிராவின் பின்னே சுழிகள் பெருகிக்கொண்டே போயின. 2005 ஜனவரி 1-இல் ஆறு சுழிகளை நீக்கிப் பத்து இலட்சம் பழைய லிராவை ஒரு புதிய லிராவாக்கினார்கள். 2009-இல் 'புதிய' என்ற அடைமொழியையும் எடுத்துவிட்டார்கள். விடையில் வரும் எண் எத்தனை முறை மாறினாலும் 'நே கதர்?' என்ற கேள்வி மாறவில்லை.

*

கேட்ட பொருள் கடையில் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. 'எக்மெக் வர் மு?' ரொட்டி உண்டா? 'வர்' என்றால் உண்டு. அதன் எதிர்மறை 'யொக்', இல்லை. தமிழ் மாணவருக்கு இந்த இரு சொற்களையும் விளக்க வேண்டியதே இல்லை. உண்டு, இல்லை என்பவற்றைப் போலவே 'வர்', 'யொக்' இரண்டும் இருப்பையும் இன்மையையும் தாமே உணர்த்தி நிற்பவை. ஒன்றோ பலவோ, அண்மையோ சேய்மையோ, சொல் மாறுவதில்லை. ஐரோப்பிய மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டவர் 'இருக்கிறது', 'என்னிடம் கொண்டிருக்கிறேன்' என்ற வினைகளைத் தேடித் தடுமாறும் இடம் இது. 'பரா வர்', பணம் உண்டு. 'பரா யொக்', பணம் இல்லை. வேறென்ன வேண்டும்?

இவ்விரு சொற்களும் மிகப் பழையவை. மங்கோலியாவின் ஓர்கோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் எட்டாம் நூற்றாண்டுத் துருக்கியக் கல்வெட்டுகள் உள்ளன. டென்மார்க்கின் அறிஞர் வில்லெம் தாம்சன் 1893-இல் அவற்றின் எழுத்தைப் படித்தறிந்தார். அவற்றில் 'பர்', 'யொக்' என்ற வடிவங்கள் காணப்படுகின்றன. அவற்றுள் ஒன்று கி.பி. 732-ஐச் சேர்ந்த குல் தெகின் கல்வெட்டு. சீனரின் இனிய சொல்லிலும் மென்பட்டிலும் மயங்கி மக்கள் அழிந்ததை அது எடுத்துச்சொல்லி எச்சரிக்கிறது. துருக்கி மொழியில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துகளிலேயே வணிகச் சரக்கைப் பற்றிய கவலை இடம்பெற்றிருக்கிறது.

'வர் மு' என்பதிலுள்ள 'மு' வினா இடைச்சொல். நம் 'ஆ' போன்றது. இதன் சிறப்பு, நம் 'ஆ'வைப் போலவே, ஐயம் எந்தச் சொல்லின்மேல் விழுகிறதோ அந்தச் சொல்லின் பின் போய் நிற்பது. 'பு உஜுஸ் மு?' என்றால் இது மலிவா? 'பு மு உஜுஸ்?' என்றால் இதுவா மலிவு? முதற்கேள்வி விலையை அறியக் கேட்பது. இரண்டாவது கேள்வியைக் கேட்பவர் பேரத்தில் இறங்கிவிட்டார் என்று கடைக்காரருக்குத் தெரியும்.

பொருளைச் சுட்டிக் காட்டும்போது துருக்கியர் மூன்று சுட்டுகளைப் பயன்படுத்துகிறார்கள்: 'பு', 'ஷு', 'ஒ'. நம் பழைய இலக்கணத்தின் இகர, உகர, அகரச் சுட்டுகள் நினைவுக்கு வரும். இது, உது, அது என்ற மூன்றில் 'உது' தமிழகத்தில் மறைந்துவிட்டது, யாழ்ப்பாணப் பேச்சில் வாழ்கிறது. எண்ணிக்கை ஒத்தாலும் பயன் முற்றிலும் ஒத்ததன்று. கேட்பவர் கவனம் இன்னும் பொருளின்மேல் விழாதபோது விரல் நீட்டிச் சொல்வது 'ஷு'. கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் இனிப்பைக் காட்டி 'ஷுனு அலபிலிர் மியிம்?' என்று கேட்பார்கள். 'அதை நான் வாங்கலாமா?'

இந்த 'அலபிலிர் மியிம்' என்ற தொடரைப் பிரித்துப் பார்ப்பது நல்ல பயிற்சி. 'அல்' வாங்கு. 'அபில்' இயலுதல். 'இர்' நம் செய்யும் என்னும் வாய்பாட்டு முற்றைப் போன்ற பொதுக்காலம். 'மி' வினா. 'இம்' தன்மை ஒருமை. இடையே வரும் யகரம் உடம்படுமெய்! ஆறு உறுப்புகளும் சங்கிலிக் கண்ணிகள்போல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கின்றன, எதுவும் மற்றொன்றில் கரைந்து உருவழியவில்லை. பகுதி, இடைநிலை, விகுதி என்று பதம் பிரித்துப் பழகியவர்க்கு இது சொந்த வீட்டுத் திண்ணை. ஆனால் ஓரிடத்தில் நாம் வேறுபடுகிறோம். 'வாங்குவேனா' என்னும்போது நாம் இடத்தைக் காட்டும் விகுதியை முதலில் சொல்லி வினாவைக் கடைசியில் வைக்கிறோம். அவர்கள் வினாவைச் சொல்லிவிட்டுத்தான் 'நான்' என்பதைச் சொல்கிறார்கள்.

இரண்டாம் வேற்றுமையில் மீண்டும் ஒன்றுபடுகிறோம். 'எக்மெக் அல்தும்' என்றால் ரொட்டி வாங்கினேன். 'எக்மெயி அல்தும்' என்றால் ரொட்டியை வாங்கினேன், அதாவது நீ சொன்ன அந்த ரொட்டியை. உருபு தொக்கு நின்றால் பொதுப்பொருள், விரிந்து நின்றால் குறித்த பொருள். 'தண்ணீர் குடித்தேன்', 'தண்ணீரைக் குடித்தேன்' என்ற இரண்டுக்கும் இடையே தமிழ்க் காது உணரும் வேறுபாடும் இதுவே. எண்ணுப்பெயர் முன்னே வந்தால் துருக்கியில் பன்மை விகுதி வராது. 'இகி எல்மா' என்றால் இரண்டு ஆப்பிள். எண்ணே பன்மையைச் சொல்லிவிட்ட பிறகு விகுதி எதற்கு? நம்மிடம் பால்பகா அஃறிணைப் பெயர்களுக்கு இந்த வழக்கு உண்டு. அவர்கள் மனிதர்க்கும் இதையே கொள்கிறார்கள். 'ஊச் முஷ்தெரி' என்றால் மூன்று வாடிக்கையாளர் என்பதை 'மூன்று வாடிக்கையாளன்' என்ற வடிவில் சொல்வது. உயர்திணை, அஃறிணை என்ற பாகுபாடோ ஆண்பால், பெண்பால் என்ற பாகுபாடோ அம்மொழியில் இல்லை. அவன், அவள், அது மூன்றுக்கும் 'ஒ' ஒன்றே.

*

தக்காளிக் கடையில் கேட்கும் கேள்வி இன்னும் சுவையானது. 'தொமாதெஸின் கிலோசு கச்சா?' தக்காளியின் கிலோ எத்தனைக்கு? 'கச்' என்ற எத்தனையோடு நான்காம் வேற்றுமை உருபாகிய 'ஆ' சேர்ந்து 'கச்சா' ஆயிற்று. பழந்துருக்கியக் கல்வெட்டுகளில் இவ்வுருபு 'கா' என்றே இருக்கிறது. நம் 'கு'வை நினைவூட்டும் இந்த ஒலியொப்புமைக்குப் பின்னால் வருவேன். 'தொமாதெஸின்' என்பதிலுள்ள 'இன்' உடைமைப் பொருளது. 'கிலோசு' என்பதன் ஈற்றிலுள்ள 'சு' என்பது 'அதன்' என்பதற்கு நிகர். தக்காளியின் அதன்-கிலோ என்று உடையதையும் உடைமையையும் இருபுறமும் முடிச்சிடுவது துருக்கி வழக்கு.

1931-இல் துருக்கிக் குடியரசு மீட்டர் முறை அளவைகளை ஏற்கும் சட்டத்தை இயற்றியது. அதற்குமுன் சந்தையின் எடை 'ஒக்கா'. 400 திர்ஹெம் கொண்டது ஒரு ஒக்கா. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 1.28 கிலோகிராம். அன்றைய கேள்வி 'ஒக்காசு கச்சா?' என்பது. ஒக்காவை எடுத்துவிட்டுக் கிலோவை வைத்தார்கள். வாக்கியம் ஒரு நாளும் கடையடைக்கவில்லை. 'ஒக்காசு' போய்க் 'கிலோசு' வந்தது, அவ்வளவே.

இங்கே உற்றுநோக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 'ஒக்காசு', 'கிலோசு' இரண்டின் ஈற்றையும் நான் 'சு' என்றே எழுதியிருக்கிறேன். ஆனால் துருக்கியரின் வாயில் அவை இரண்டு வெவ்வேறு உயிர்கள். ஒக்காவின் ஈற்றில் வருவது நம் 'காசு' என்பதன் குற்றியலுகரத்தை ஒத்தது, இதழ் குவியாதது. கிலோவின் ஈற்றில் வருவது 'பசு' என்பதன் முற்றியலுகரம், இதழ் குவிந்தது. சொல்லின் இறுதி உயிர் எதுவோ அதற்கு இசையவே விகுதியின் உயிரும் அமையும். இதை உயிரிசைவு என்பர். 'வர் மு' என்பதில் குற்றியலுகரம், 'உஜுஸ் மு' என்பதில் முற்றியலுகரம், 'கூஸெல் மி' (அழகா?) என்பதில் இகரம் என்று வினா இடைச்சொல் உருமாறுவதும் இவ்விதியால்தான். நான்காவதாக, உதட்டைக் குவித்துக்கொண்டு இகரத்தைச் சொன்னால் வரும் ஒலி ஒன்றும் உண்டு.

நம் எழுத்து இரண்டு உகரங்களையும் ஒரே வடிவில் எழுதுகிறது. நமக்கு அதனால் இடரில்லை, இடம் நோக்கி உணர்ந்துகொள்கிறோம். துருக்கி மொழியில் எட்டு உயிர்கள். அதை எழுதப் பல நூற்றாண்டுகளாகப் பயன்பட்ட அரபு எழுத்திலோ உயிரைக் காட்ட மூன்று எழுத்துகளே. 'ஒன்' என்றால் பத்து, 'உன்' என்றால் மாவு. அரபு எழுத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவம். 'ஒன் கிலோ உன்', பத்துக் கிலோ மாவு, என்று ஒரு சீட்டில் எழுதினால் முதற்சொல்லும் கடைசிச் சொல்லும் கண்ணுக்கு ஒன்றே. எழுதத் தெரிந்தவர்க்கு இது பழக்கத்தில் தீரும். புதிதாகக் கற்பவர்க்கு ஒவ்வொரு சொல்லும் ஒரு புதிர்.

*

1928 ஆகஸ்ட் 9 அன்று இரவு இஸ்தான்புல்லின் சராய்புர்னுவில் கூடியிருந்த மக்கள்முன் முஸ்தபா கெமால் புதிய எழுத்தை அறிவித்தார். நவம்பர் 1-இல் சட்டம் நிறைவேறியது. இலத்தீன் அடிப்படையில் 29 எழுத்துகள். எண்ணுருக்களை அதே ஆண்டு மே மாதத்திலேயே மாற்றியிருந்தார்கள். இந்தச் சட்டத்தின் ஒரு கூறு கடைத்தெருவை நேரடியாகத் தொட்டது. டிசம்பர் 1 முதல் செய்தித்தாள்களோடு பெயர்ப்பலகைகளும் விளம்பரங்களும் புதிய எழுத்திலேயே இருந்தாக வேண்டும். சட்டம் நிறைவேறிய நாளுக்கும் பலகை மாற வேண்டிய நாளுக்கும் இடையே முப்பதே நாள். 1929 ஜனவரி 1 முதல் நூல்களும் புதிய எழுத்துக்கு மாறின.

இதை வெறும் வன்முறை என்று ஒதுக்குவது நேர்மையாகாது. 1927 மக்கள்தொகைக் கணக்கின்படி எழுத்தறிந்தவர் பத்தில் ஒருவர் அளவே. மீதி ஒன்பது பேருக்குப் பழைய எழுத்தும் எழுத்தன்று. 'ஒன்'னும் 'உன்'னும் கண்ணுக்கு வேறாகத் தெரியும் எழுத்து அவர்களுக்குக் கிடைத்தது. 1929 ஜனவரியில் தொடங்கிய 'மில்லெத் மெக்தெப்லெரி' என்னும் மக்கள் பள்ளிகளில் வயதுவந்தோர் பெருந்தொகையாக எழுத்துக் கற்றனர். மொழியின் ஒலிக்கும் எழுத்துக்கும் இருந்த பழைய பிணக்கு தீர்ந்தது என்பதும் உண்மையே.

ஆனால் அந்தப் பத்தாவது மனிதரை எண்ணிப் பாருங்கள். கடை வைத்திருந்த, கணக்கு எழுதத் தெரிந்த ஒருவர். அவர் பேரேட்டில் யார் எவ்வளவு பாக்கி என்பது பழைய எழுத்தில் இருக்கிறது. 1930-களில் பள்ளிக்குப் போன அவர் பெயரனுக்கு அந்தப் பேரேடு கோடுகளின் கூட்டம். பேரேடு மட்டுமா? தெருமுனை நீரூற்றின் கல்வெட்டு, பாட்டனின் கல்லறை வாசகம், வீட்டுப் பத்திரம், கவிதைத் தொகுப்பு எல்லாம் ஒரு தலைமுறைக்குள் படிக்க இயலாதவை ஆயின. தாத்தாவும் பெயரனும் ஒரே கடையில் ஒரே வாக்கியத்தில் தக்காளி விலை கேட்டார்கள். தாத்தா எழுதியதைப் பெயரனால் வாசிக்க முடியவில்லை.

*

எழுத்தைத் தொடர்ந்து சொற்கள். 1932 ஜூலை 12-இல் பின்னாளில் துருக்கி மொழிக் கழகமான அமைப்பு நிறுவப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 26-இல் தொல்மபாஹ்சே அரண்மனையில் முதல் மொழி மாநாடு கூடியது. பேச்சு வழக்குகளிலிருந்தும் பழைய நூல்களிலிருந்தும் துருக்கியச் சொற்களைத் திரட்டினார்கள். கிடைக்காதபோது வேரிலிருந்து புனைந்தார்கள். 1934-இல் வெளியிட்ட தொகுப்பில் ஒரே அரபுச் சொல்லுக்குப் பல மாற்றுகளை அடுக்கியிருந்தார்கள். இப்பணியில் முன்னின்றவர்களுள் ஆகோப் மர்தாயான் என்ற அர்மீனிய மொழியறிஞர் ஒருவர். அத்தாதுர்க் அவருக்குத் 'திலாச்சர்', அதாவது மொழியைத் திறப்பவர், என்று குடும்பப்பெயர் சூட்டினார்.

கடைத்தெரு இந்தச் சீர்திருத்தத்தை எப்படி எதிர்கொண்டது? தள்ளுபடியைக் குறித்த பழைய சொல் 'தென்ஸிலாத்'. இறங்குதல் என்னும் அரபு வேரடியாகப் பிறந்தது. புதிய சொல் 'இந்திரிம்'. 'இன்' இறங்கு, 'இந்திர்' இறக்கு, 'இந்திரிம்' இறக்கம். தன்வினை, பிறவினை, தொழிற்பெயர் என ஒவ்வொரு படியும் எந்தத் துருக்கியக் குழந்தைக்கும் விளங்கும். சந்தை அதை ஏற்றுக்கொண்டது. இன்று கடைக்கண்ணாடிகளில் ஒட்டியிருப்பது இச்சொல்லே. ஆனால் விலையைக் குறிக்கும் அரபுச் சொல்லான 'ஃபியாத்' அசையவில்லை. அதற்கு மாற்றான 'எதெர்' அகராதியில் இருக்கிறது, கடையில் கேட்பது 'ஃபியாத்'தான். வாடிக்கையாளரைக் குறிக்கும் 'முஷ்தெரி'யும் கடையைக் குறிக்கும் 'துக்கான்'னும் அரபே. 'சார்ஷு' என்னும் அங்காடிப் பெயர் நாற்சந்தியைக் குறிக்கும் பாரசீகச் சொல். 'நே கதர்' என்பதிலுள்ள 'கதர்' அரபென்பதை அதைக் கேட்பவர் எவரும் நினைப்பதில்லை. சந்தைக்குச் சொல்லின் குலம் பொருட்டன்று, விளங்கினால் போதும்.

ஏட்டு மொழியின் கதை வேறு. 1927 அக்டோபரில் அத்தாதுர்க் ஆறு நாள் நிகழ்த்திய பேருரை 'நுதுக்' எனப்படும். பேச்சு என்று பொருள்படும் அரபுச் சொல் அது. பிற்கால இளைஞர்க்கு அதன் மொழி விளங்காமல் போய், இன்றைய துருக்கியில் பெயர்த்தெழுத வேண்டியதாயிற்று. அப்படி வந்த பதிப்புக்குத் தலைப்பும் மாறியது: 'சொய்லெவ்'. சீர்திருத்தத்தின் தலைவர் பேசியதே சீர்திருத்தத்தால் அயன்மொழி ஆகிவிட்டது.

தமிழ் படித்தவர் இதைக் கேட்டு அமைதியாக இருக்க இயலாது. 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் முயற்சி நம்மிடம் உண்டு. உபந்நியாசம் சொற்பொழிவானதும், அக்கிராசனர் அவைத்தலைவர் ஆனதும் அவ்வழியில் நிகழ்ந்தவையே. ஆனால் நம் மாற்றம் மேடையிலும் இதழிலும் மெல்ல நடந்தது, முப்பது நாள் கெடு எவரும் விதிக்கவில்லை. 1978-இல் தமிழகத்தில் நடந்த எழுத்துச் சீர்திருத்தம் சில எழுத்து வடிவங்களை மட்டுமே தொட்டது. அதனால் 1916-இல் அச்சான நூலை இன்றைய மாணவர் சற்றே முயன்றால் படித்துவிடுகிறார். இந்தத் தொடர்ச்சியின் அருமை, அதை இழந்தவர்களைப் பார்க்கும்போதுதான் தெரிகிறது.

துருக்கி நமக்குக் காட்டும் எச்சரிக்கை இன்னொன்றும் உண்டு. 1936 மாநாட்டில் 'ஞாயிற்று மொழிக் கோட்பாடு' முன்வைக்கப்பட்டது. ஆதிமனிதன் சூரியனை நோக்கி எழுப்பிய ஒலியே மொழியின் தொடக்கம் என்றும், உலக மொழிகள் துருக்கியிலிருந்தே கிளைத்தன என்றும் அது சொன்னது. விளைவு விந்தையானது. எல்லாச் சொல்லும் துருக்கியச் சொல்லே என்றால் அரபுச் சொல்லை ஏன் விலக்க வேண்டும்? களையெடுப்பின் வேகம் தணிந்தது. 1938-இல் அத்தாதுர்க் மறைந்தபின் அக்கோட்பாட்டைப் பேசுவாரில்லை. தம் மொழியே அனைத்துக்கும் தாய் என்னும் ஆசை எங்கும் முளைக்கக்கூடியது, நம் தோட்டத்திலும்.

அந்த எச்சரிக்கையோடுதான் 'கா', 'கு' ஒப்புமைக்கு வரவேண்டும். கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் நம் மொழிகளைச் சித்திய இனத்தோடு உறவுபடுத்தினார். துருக்கியும் அந்தப் பரந்த இனத்துள் அடங்கும் என்பது அன்றைய எண்ணம். பின்வந்த மொழியியல் அந்த உறவை ஏற்கவில்லை. ஒட்டுநிலை அமைப்பு, ஈற்றில் வினை, உருபு பின்னொட்டாதல் ஆகியவை உறவில்லாத மொழிகளிலும் அமையக்கூடியவை. ஓர் உருபின் ஒலி ஒத்திருப்பது குடும்பச் சான்று ஆகாது. நாமும் துருக்கியரும் ஒரு தாய் மக்கள் அல்லர். ஒரே வகையில் சிந்தனையைக் கோக்கும் அயலார் என்பதே சரி. அதுவும் குறைந்த மகிழ்ச்சியன்று.

*

இதுவரை துருக்கி மொழியில் கேட்ட கேள்விகளையே பார்த்தோம். ஆனால் இஸ்தான்புல்லின் கடைத்தெருவில் விலை கேட்ட மொழி துருக்கி மட்டுமன்று. 1453-இல் நகரைக் கைப்பற்றிய இரண்டாம் மெஹ்மெத் சில ஆண்டுகளில் எழுப்பத் தொடங்கிய மூடுசந்தையிலும் அதைச் சூழ்ந்த தெருக்களிலும் கிரேக்கர், அர்மீனியர், ஸ்பெயினிலிருந்து வந்த யூதர் என்று பலர் கடை வைத்திருந்தனர். தக்காளிக்கு 'தொமாதெஸ்', கோசுக்கு 'லஹானா', அவரைக்கு 'ஃபசுல்யே' என்று வழங்கும் சொற்களும், மீன்பெயர்கள் பலவும் கிரேக்கம் வழியே வந்தவை. 1928-இல் சட்டக் கல்லூரி மாணவர்கள் 'குடிமகனே, துருக்கியில் பேசு' என்ற இயக்கத்தைத் தொடங்கினர். பொதுவிடங்களில் வேறு மொழி பேசியவர்கள் அவமதிக்கப்பட்டனர். 1942-இல் விதித்த செல்வ வரி, முஸ்லிம் அல்லாத வணிகரை முறித்தது. 1955 செப்டம்பர் 6, 7 தேதிகளில் கிரேக்கரின் கடைகள் கும்பல்களால் சூறையாடப்பட்டன. அதன்பின் கிரேக்கர் பெரும்பாலோர் படிப்படியாக நகரை விட்டு நீங்கினர். 'தொமாதெஸ்' என்ற சொல் தங்கிவிட்டது. அச்சொல்லைக் கொண்டுவந்த மொழியில் விலை சொல்லும் குரல்கள் அருகிவிட்டன. மொழித் தூய்மை என்பது சொற்களோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பொன்கொம்புக் கழிமுகத்தின் கரையில் 1660-களில் கட்டிமுடித்த மசாலாச் சந்தை ஒன்று உண்டு. எகிப்தின் வருவாயைக்கொண்டு எழுப்பியதால் 'முசுர் சார்ஷுசு', எகிப்து அங்காடி, என்று பெயர். அங்கே தராசு 'தெராஸி' என்று வழங்குகிறது. பாரசீகத்திலிருந்து கிளம்பிய அச்சொல் மேற்கே அப்படியும் தெற்கே நம்மிடம் இப்படியும் வந்து சேர்ந்தது. நம் 'பாக்கி' அங்கே 'பாகி', 'பஜார்' அங்கே 'பஸார்', 'ஜேப்பு' அங்கே 'ஜெப்'. அந்நாளின் முதல் விற்பனையை அவர்கள் 'சிஃப்தா' என்பர். நாம் போணி என்கிறோம். இரு ஊரிலும் அதைத் தட்டிக்கழிக்கக் கடைக்காரருக்கு மனம் வராது.

அங்கே சென்று 'ஸெஞ்ஜெஃபில் வர் மு?' என்று கேட்கலாம். இஞ்சி உண்டா? 'ஸெஞ்ஜெஃபில்' அரபு வழியாக வந்தது. அதன் பின்னே பாலியின் 'சிங்கிவேர'மும், அதன் பின்னே தென்னாட்டின் 'இஞ்சிவேர்' என்ற சொல்லும் நிற்கின்றன என்பது மொழியியலார் பரவலாக ஏற்ற கருத்து. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பல கைமாறி, நம் சொல் ஒன்று அந்தக் கேள்விக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. அது வந்த வழியைக் கடைக்காரர் அறியார், அறிய வேண்டியதுமில்லை. 'வர்' என்பார், எவ்வளவு வேண்டும் என்று கேட்பார். சொல்லை நிறுப்பதற்கு அங்கே தராசு வைக்கப்படவில்லை.